தங்கசாமி ஆஜர்

மனித குலம் தன் உடல் வலிவையும் ஒழுக்கத்தையும் ஒரே சமயத்தில் உரைத்துப் பார்ப்பதற்கென்று ஏற்படுத்திக்கொண்ட புனிதமான அரங்கங்கள் உலக சரித்திரத்தில் இரண்டுதான். ஒன்று பழைய கிரேக்க தேசத்தில் இருந்தது. மற்றது தென்காசியில், ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கிறது.

இதைச் சொன்னவர் ராவ்சாகிப். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த இரண்டாவது அரங்கத்தின் வடக்குக் கோல் கம்பத்தில் யாரோ எருமையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

தில்லைநாயகம் எருமையைப் பார்த்தபடி நின்றார். பேச்சு முடிந்ததும் ராவ்சாகிப் அணியைப் பார்க்க வருவார். வந்தால் எண்ணுவார். எண்ணினால் பத்துதான் வரும். செண்டர் பார்வர்டு ஆடி விருந்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனவன், புதுமாப்பிள்ளை, அங்கே கறியும் சோறும் மாறிமாறி வந்துகொண்டிருந்ததால் திரும்பவில்லை. இறுதி ஆட்டத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அது தாது வருஷம். தென்காசிக் கல்லூரிக்கு ராவ்சாகிப் காரியதரிசி. தில்லைநாயகம் விளையாட்டு மேற்பார்வையாளர், தாற்காலிகம். அந்த வேலை அவருக்குக் கிடைத்த கதை சிறியது. யாருக்காவது விளையாட்டில் அனுபவம் உண்டா என்று ராவ்சாகிப் ஒருநாள் ஆபீசில் கேட்டார். தில்லைநாயகத்திடம் ஓர் ஊதல் இருந்தது. ரயில்வே கார்டாக இருந்த அவருடைய அண்ணன் ஓய்வு பெற்றபோது கொடுத்தது. அதை எடுத்து ஊதிக் காட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அரை டிராயர் தைத்துக்கொண்டார். கால்பந்தாட்டம் பற்றித் தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை.

‘மேற்குமலையடிவாரக் கல்லூரிகள் தேகாப்பியாச ஐக்கிய சங்கம்’ என்பது ராவ்சாகிப் தோற்றுவித்தது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் தீர்ந்துபோகிற அளவுக்குத்தான் கல்லூரிகள் இருந்தன: தென்காசி, செங்கோட்டை, இலத்தூர். இலத்தூர்க் கல்லூரிக்கு ஒரு மைதானம் உண்டு. ஆனால் சாரல் தொடங்கியதும் அதில் நாற்று நட்டுவிடுவார்கள். ஆகவே அவர்கள் ஒரு போட்டிக்கும் வராமல், வருஷம் தவறாமல் மூன்றாம் இடம் பெற்று, அந்தச் சான்றிதழ்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள்.

போட்டிகள் எல்லாம் சாரல் காலத்தில்தான். இங்கிலாந்தில் மழையில்தான் விளையாடுகிறார்கள் என்று ராவ்சாகிப் எங்கோ படித்திருந்தார். இங்கிலாந்தில் மூன்று மைலில் குற்றாலம் இல்லை என்பது அதில் எழுதியிருக்கவில்லை.

அதன் பலன் உடனே தெரிந்தது. ஓட்டப் பந்தயத்தில் தென்காசிப் பையன்தான் முன்னால் ஓடினான். பாதியில் மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தான். அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மைதானத்தைச் சுற்ற வேண்டியவன் மேற்கே திரும்பி, நிற்காமல் பேரருவி வரைக்கும் ஓடினான். அந்தத் தூரத்துக்குப் பந்தயம் வைத்திருந்தால் அவன்தான் ஜெயித்திருப்பான். அடுத்தது வடம் இழுக்கும் போட்டி. தென்காசி அணி குற்றாலத்திலிருந்து நேராக வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த கை. வடம் அவர்கள் கைக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் செங்கோட்டைக்காரர்களிடம் சேர்ந்தது. இழுக்காமலே ஜெயித்துவிட்ட செங்கோட்டைக்காரர்கள் மொத்தமாக மல்லாக்க விழுந்ததுதான் ஒரே ஆறுதல்.

எருமையை அவிழ்த்து விரட்டிய பிறகு ராவ்சாகிப் வந்தார். எண்ணினார்.

“வேய் தில்லைநாயகம், ஓட்டம் போச்சு. வடமும் போச்சு. பாக்கி இருக்கது பந்து ஒண்ணுதான். அதையும் விட்டீர்னா உம்ம ஊதலை நீரே வச்சுக்கிடும்.”

ஜெயித்தால் என்ன என்று தில்லைநாயகம் கேட்கவில்லை. ராவ்சாகிபே சொன்னார். ஜெயித்தால் அடுத்த நாளே வேலை நிரந்தரம்.

வீட்டில் மனைவி சங்கரம்மாளிடம் அவர் இதன் இரண்டாவது பாதியை மட்டும் சொன்னார். அவள் முதல் பாதியைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். பண்பொழியில் அவளுடைய அண்ணனுக்கு அரிசி மில் இருந்தது. அங்கே கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று இவர்கள் கல்யாணமான நாளிலிருந்தே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் அரை டிராயர் தைத்த அன்று சத்தம் போட்டுச் சிரித்தவரும் அவர்தான்.

“எங்கண்ணன் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலு போட்டு வச்சிருக்கானாம்,” என்றாள் சங்கரம்மாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. “தொடச்சும் வச்சிருக்கானாம்.”

தில்லைநாயகத்துக்கு அந்த ஸ்டூல் கண்ணில் தெரிந்தது. அதற்கு மூன்று கால்தான் இருந்தது.

மறுநாள் சைக்கிள் கடை ஆதமிடம் போனார். ஊரில் பந்துக்குக் காற்று அடிக்கத் தெரிந்தவர் ஆதம் மட்டுமே. அதனால் அவரை ஆட்ட நிபுணர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆதம் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“எல்லையத் தாண்டுனா ஆளு இருக்கு அண்ணாச்சி,” என்றார்.

செங்கோட்டை அப்போது திருவாங்கூர் ராஜ்யம். எல்லையில் ஒரு சவுக்கை உண்டு. உப்பும் புகையிலையும் கடத்தாமலிருக்கப் போகிறவர் வருகிறவர் மூட்டைகளை அவிழ்த்துப் பார்க்கும் இடம். அங்கே உச்சிமாகாளி என்று ஒரு திருவாங்கூர் கான்ஸ்டபிள் இருந்தான். முன்னே போலீஸ் அணியில் ஆடியவன். சவுக்கைக்கு மாற்றிய பிறகு அவனுக்கு உதைக்கக் கிடைத்ததெல்லாம் புகையிலை மூட்டைதான். கால் நமைச்சலோடு இருக்கிறான். ஆட்டம் என்று சொன்னால் சும்மாவே வருவான் என்றார் ஆதம்.

“கால்ல பந்து பட்டுதுன்னா கோல் காக்குத கோலி கும்புட்டுட்டு ஒதுங்கிக்கிடுவான். பிரிட்டிஷ் பக்கம் அவன் வந்ததே கெடையாது. தென்காசியில ஒரு குஞ்சுக்கும் அவனைத் தெரியாது.”

“அவன் மாணவன் இல்லையே, பாய்?”

“அது உங்க டிப்பார்ட்மெண்டு அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்சது காத்து அடிக்கது.”

தில்லைநாயகம் யோசித்தார். ஆனியில் தங்கசாமி என்று ஒரு பையன் கல்லூரியில் சேர்ந்தான். வகுப்புக்கு ஒருநாளும் வராமலே கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான். பெயரை யாரும் அடிக்கவில்லை. அந்தப் பெயர் சும்மாதான் கிடந்தது. சும்மா கிடக்கிற பெயரை ஒருவன் ஒரு மாதம் உபயோகித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

உச்சிமாகாளி காலில் சுளுக்கு என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு வந்தான். தில்லைநாயகம் அவனை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மீசை மட்டும் தனியாக ஒரு பதினைந்து வயது இருக்கும். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தான். பக்கத்தில் நின்ற சைக்கிள் சாய்ந்தது.

“உத்தரவு, ஏமானே.”

“ஏமானே எல்லாம் சொல்லக்கூடாதுப்பா. நீ காலேஜுப் பையன்.”

“சரி, ஏமானே.”

மீசையை எடுக்க வேண்டும் என்றபோது அவன் அதை ஒருதரம் முறுக்கிவிட்டுக்கொண்டான். பிறகு, ஆட்டத்துக்காகத்தானே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். நாவிதர் முடித்துக் கண்ணாடியைக் காட்டியதும் தில்லைநாயகத்துக்குத்தான் பகீரென்றது. மீசை இருந்தபோது முப்பத்தைந்து வயதாகத் தெரிந்தவன் இப்போது நாற்பதாகத் தெரிந்தான்.

இதை வயது என்று சொல்லாமல் தேகக்கட்டு என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் சங்கத்தின் விதி ஒன்று வழியில் நின்றது. ஒரு வருஷம் செங்கோட்டை அணியில் பேரன் எடுத்த ஒரு பாரஸ்ட் கார்டு ஆடியது தெரியவந்து, ராவ்சாகிபே கைப்பட எழுதிய விதி அது. ஆட்டக்காரன் மாணவன்தானா என்று யாராவது ஆட்சேபித்தால், அவனுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் மைதானத்துக்கு வந்து, நேரில் முகம் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படியானால் எந்த ஆசிரியராவது இந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தில்லைநாயகம் நமசிவாயத்தைத் தேர்ந்தெடுத்தார்.

நமசிவாயம் தர்க்க சாஸ்திர ஆசிரியர். வயதானவர். கண்ணாடி இல்லாவிட்டால் கரும்பலகைக்கும் கதவுக்கும் வித்தியாசம் தெரியாது. கண்ணாடியைப் பெரும்பாலும் வீட்டில் வைத்துவிட்டு வருவார். யார்மேலும் கோபப்பட மாட்டார். கல்லூரியிலேயே சத்தமில்லாத வகுப்பு அவருடையது என்று ராவ்சாகிப் ஆண்டு விழாவில் பாராட்டியிருக்கிறார். ஆட்டக்காரப் பையன்கள் எல்லோரும், அணித்தலைவன் பலவேசம் உள்பட, எடுத்திருந்த பாடமும் அதுதான். அங்கே ஒரு வாரம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்று உச்சிமாகாளியிடம் சொல்லி அனுப்பினார். பேசாதே, எழுந்திருக்காதே, பெயர் கூப்பிட்டால் மெதுவாக ஒரு பதில் சொல்லு.

முதல் நாள் தாழ்வாரத்தில் நின்று கேட்டார். உள்ளே நமசிவாயம் பெயர் கூப்பிடுகிற குரல். பிறகு ஒரு பூட்ஸ் காலைத் தரையில் உதைக்கும் சத்தம். ஜன்னல் அதிர்ந்தது.

“தங்கசாமி ஆஜர், ஏமானே!”

தில்லைநாயகம் தூணைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் உச்சிமாகாளி வந்து, வகுப்பு ரொம்பச் சௌகரியமாக இருந்தது என்று சொன்னான். நல்ல காற்றோட்டம், விசாலமாக உட்கார முடிகிறது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் வாத்தியார் ஏமான் சொல்வது சரியாகக் கேட்கவில்லை, அதனால் முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டேன் என்றான். கேட்காவிட்டால் என்ன என்று தில்லைநாயகம் கேட்டதற்கு, மேலதிகாரி பேசும்போது தூரத்தில் உட்காருவது மரியாதை இல்லை என்றான்.

அன்றிலிருந்து நாள்தோறும் ஓர் அதிர்ச்சி.

பயிற்சி ஆட்டத்தைத் தில்லைநாயகம் எப்போதும் குற்றாலத்தில்தான் வைப்பார். அவராக வைத்தது என்று சொல்ல முடியாது. பையன்கள் காலையிலேயே பேரருவிக்குப் போய்விடுவார்கள். பந்தை எடுத்துக்கொண்டு அவரும் அங்கே போவார். எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டிருப்பவர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு, அருவிக்குக் கீழே பொட்டலில் கொஞ்ச நேரம் உதைக்கவைப்பார். ஒருநாள் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். பதினோராவது ஆளைக் காணவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு தென்காசிக்குத் திரும்பி வந்து பார்த்தால், உச்சிமாகாளி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கல்லூரி வாசலில் நிற்கிறான்.

“பயிற்சிக்கு வரலையாப்பா?”

“கிளாஸ் இருக்கு, ஏமானே.”

“ஆட்டக்காரனுக்கு என்னவே கிளாஸு?”

உச்சிமாகாளி அவரை ஒரு பார்வை பார்த்தான். சவுக்கையில் மூட்டைக்குள் கையை விட்டு, உப்பு தட்டுப்பட்டால் பார்க்கிற பார்வை. “டூட்டி டூட்டிதான், ஏமானே,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த வாரம் நமசிவாயமே தில்லைநாயகத்தைத் தேடி வந்தார். கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

நடந்தது இதுதான். மனிதர் எல்லோரும் சாகப் பிறந்தவர்கள், சாக்ரடீஸ் ஒரு மனிதர், ஆகையால் சாக்ரடீஸும் செத்தே தீருவார் என்று அவர் வழக்கம்போல் நடத்திக்கொண்டிருந்தார். தங்கசாமி எழுந்து நின்று, சாக்ரடீஸ் செத்ததற்கு மகஜர் எழுதினார்களா, சாட்சி யார் என்று கேட்டிருக்கிறான்.

“முப்பது வருஷமாப் பாடம் நடத்துதேன்,” என்றார் நமசிவாயம். “ஒருத்தன் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை.”

அந்தச் சந்தோஷத்தில் அவர் கண்ணாடியைத் தினமும் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார் என்பதைத் தில்லைநாயகம் அப்போதுதான் கவனித்தார். மங்கலான கண்ணை நம்பி அனுப்பிய ஆள், அந்தக் கண்ணைத் தெளியவைத்துவிட்டான்.

சரி, இருக்கட்டும், இந்த ஒரு ஆசிரியர் சாட்சிக்கு உறுதியாகிவிட்டார் என்று தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொண்டது ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. நமசிவாயம் தன் சந்தோஷத்தை ராவ்சாகிபிடமும் போய்ச் சொல்லியிருந்தார்.

“வேய், இப்படி ஒரு ரத்தினத்தை என்கிட்டச் சொல்லாம ஒளிச்சு வச்சிருக்கீரே,” என்றார் ராவ்சாகிப். “படிப்பிலயும் முதல், பந்திலயும் முதல். இறுதி ஆட்டத்தன்னைக்கி ஒழுக்கப் பிரமாணம் இவன் வாசிக்கட்டும்.”

ஒழுக்கப் பிரமாணமும் ராவ்சாகிப் எழுதியதுதான். ஆட்டம் தொடங்குமுன் ஒரு மாணவன் மேடையேறி, ‘நாங்கள் அனைவரும் கலப்படமற்ற மாணவர்கள்’ என்று தொடங்கி, கையை உயர்த்தி வாசிக்க வேண்டும்.

தில்லைநாயகம் அவனுக்குக் கூச்ச சுபாவம் என்றார். ராவ்சாகிப், கூச்சம் உத்தம புருஷ லட்சணம் என்றார். தொண்டை சரியில்லை என்றார். மிளகுக் கஷாயம் கொடுக்கச் சொன்னார். கடைசியில் பலவேசம்தானே அணித்தலைவன், அவன் மனசு வருத்தப்படுமே என்றார். பலவேசத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பலவேசம் குற்றாலத்தில் இருந்தான்.

அன்று ராத்திரி தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் தேங்காய்த் துவையல் இருக்கிறது என்றாள் சங்கரம்மாள். ஸ்டூலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஆட்டத்தன்று நல்ல சாரல். இருந்தும் மைதானம் நிரம்பிவிட்டது. குடைகளுக்கு நடுவே முதல் வரிசை நாற்காலியில் நமசிவாயம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மைதானத்துப் பக்கமே வராதவர், தன் மாணவன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார். ஓர் ஓரத்தில், மூன்றாம் இடத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவதற்காக இலத்தூர்க் கல்லூரிக் குமாஸ்தா ஒரு துணிப்பையோடு நின்றார். இன்னும் தள்ளி, பண்பொழியிலிருந்து வந்திருந்த மச்சினர் நின்றார். அவர் கையில் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

உச்சிமாகாளி மேடையேறினான். கையை உயர்த்தினான். ‘நாங்கள் அனைவரும் கலப்படமற்ற மாணவர்கள்’ என்று அவன் முழங்கியதில் ரயில்வே ஸ்டேஷனில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செங்கோட்டைக் கோலி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்திலிருந்தவனிடம், “இவரை எங்கனயோ பாத்திருக்கேம்லே,” என்றான். பக்கத்திலிருந்தவனுக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் பிடிபடவில்லை. மீசை இல்லாதது நல்லதாயிற்று என்று தில்லைநாயகம் தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

ஊதல் ஊதினார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், நன்றாகவே ஊதினார்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மற்றப் பத்துப் பேரும் சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்துகொண்டிருந்தார்கள். உச்சிமாகாளி விழவில்லை. பந்து அவன் காலுக்கு வந்தது, கோலுக்குப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. ஆதம் சொன்னபடி கோலி கும்பிடவில்லை, மற்றபடி ஒதுங்கிக்கொண்டான். கடைசி ஊதல் ஊதியபோது தென்காசி ஜெயித்திருந்தது. ஜனங்கள் குடைகளைத் தூக்கி எறிந்தார்கள். நமசிவாயம் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மச்சினர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். தில்லைநாயகம் எத்தனையோ நாட்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை.

தோற்றுப்போன செங்கோட்டைக்காரர்கள் துணிமூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி கிளம்பினார்கள். மைதானத்துக்கு வெளியே போக ஒரே வழிதான். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருந்தது. அந்த வழியில் உச்சிமாகாளி நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். சவுக்கையில் இருப்பதுபோலவே மூங்கில், எதிரே தோளில் மூட்டை, செங்கோட்டை முகம். அத்தனை வருஷப் பழக்கம். அவனை அறியாமலே அவன் கை குறுக்கே நீண்டது.

“நில்லுலே. மூட்டையை அவுரு.”

கோலி நின்றான். மூட்டையை இறக்கினான். பாதி அவிழ்த்தும்விட்டான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான்.

“ஏலே, இது நம்ம சவுக்கை உச்சிமாகாளில்லா!”

தில்லைநாயகம் ஊதலை வாயில் வைத்தபடியே நின்றார். தென்காசியில் ஒருத்தருக்கும் தெரியாத ஆள் என்று ஆதம் சொன்னது சத்தியம். செங்கோட்டையில் அவனைத் தெரியாத ஆள் ஒருத்தர்கூட இல்லை என்பதை ஆதமும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. அந்த ஊரில் மூட்டை தூக்கிய ஒவ்வொருவரும் அவன் முன்னால் மூட்டையை அவிழ்த்தவர்கள்தான்.

செங்கோட்டைப் பிரின்சிபால் நேராக மேடைக்கு வந்தார். கோப்பை ராவ்சாகிபின் கையில் இருந்தது. இந்தப் பதினொரு பேரில் ஒருத்தன் மாணவனே இல்லை என்று அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். யார் என்று விரலையும் நீட்டினார்.

ராவ்சாகிபின் முகம் சிவந்தது. ஒழுக்கப் பிரமாணம் வாசித்த பையனையா? ரத்தினத்தையா? அவர் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கினார்.

“நான் எழுதின விதி இருக்கு. ஆசிரியர் முகம் பாத்துச் சொல்லட்டும். இந்த வரிசையில ஒருத்தன், ஒரே ஒருத்தன் என் காலேஜு மாணவன் இல்லைன்னு ருசுவானா, இந்தக் கோப்பையை இலத்தூருக்குக் குடுத்துட்டு அப்புறம்தான் வீட்டுக்குப் போவேன்.”

செங்கோட்டைக்குக் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. இலத்தூர்க் குமாஸ்தா துணிப்பையை விரித்து அதன் அகலத்தைப் பார்த்துக்கொண்டார்.

பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். தில்லைநாயகம் உச்சிமாகாளியைக் கடைசியில் நிறுத்தினார். அதற்குமேல் செய்ய அவரிடம் எதுவும் இல்லை. நமசிவாயத்தைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அவர் சாரலில் நனைந்த கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டில் நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். தென்காசியில் அத்தனை துப்புரவான கண்ணாடி அன்று வேறு இருந்திருக்காது.

முதலில் நின்றவன் பலவேசம். கிழவர் அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்தவனிடம் போனார். அவனையும் அப்படியே பார்த்தார். அடுத்தவன். அடுத்தவன். மழைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பையன்கள் எச்சில் விழுங்குவது தில்லைநாயகத்துக்குக் கேட்டது. அவர் அதைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டார். மச்சினர் மறுபடி சிரிக்கத் தயாராக உதட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி ஆளுக்கு முன்னால் நமசிவாயம் நின்றார். பார்த்தார். உச்சிமாகாளியால் அடக்க முடியவில்லை. சேற்றில் காலை உதைத்து ஒரு சல்யூட் அடித்தான். கிழவரின் வேட்டி முழுக்கச் சேறு.

“தங்கசாமி ஆஜர், ஏமானே.”

நமசிவாயம் அவன் தோளில் கையைப் போட்டார்.

“இவன் என் மாணவன்,” என்றார். “சாரல்னு பாக்கலை, காத்துன்னு பாக்கலை. ஒருநாள் தவறாம வகுப்புக்கு வந்திருக்கான். கோயில்லகூடச் சத்தியம் பண்ணுவேன்.”

மைதானம் அதிர்ந்தது. செங்கோட்டைப் பிரின்சிபால் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். மச்சினர் உதட்டை விட்டுவிட்டார். தில்லைநாயகத்துக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்தத் தண்ணீருக்குள் மூன்று கால் ஸ்டூல் ஒன்று மிதந்து, தூரமாய்ப் போய் மறைந்தது.

ராவ்சாகிப் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கூட்டம் கை தட்டும்போது நிறுத்திப் பழக்கம் இல்லாதவர் அவர். கோப்பையை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டு, இனி எந்தக் காலத்திலும் எவனும் தென்காசியைப் பார்த்து விரல் நீட்டக்கூடாது, ஆகவே மற்றப் பத்துப் பேரையும் பேர் பேராகச் சொல்லிவிடுங்கள் சார் என்றார்.

நமசிவாயம் திரும்பி வரிசையை இன்னொரு தடவை மரியாதையாகப் பார்த்தார்.

“இவங்களை எனக்குத் தெரியாதே,” என்றார். “வகுப்புல நானும் தங்கசாமியும் மட்டும்தான்.”